அல்லியின் நோட்டில் இல்லாத பக்கம்

முத்தையனுக்குத் தன் பெண்சாதி மேல் இருபத்திரண்டு வருஷமாக ஒரு குறை உண்டு. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள், கட்டின புருஷனுக்கு ஒழுங்காக ஒரு சட்டை தைத்துத் தரவில்லை என்பதுதான் அது.

தைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமான மூன்றாம் மாதம் வெளிர்நீலத் துணியில் ஒன்று தைத்தாள். முத்தையன் கொத்தனார். எதைக் கண்டாலும் மட்டம் பார்க்கிற கை. சட்டையை வாங்கித் தரையில் விரித்தான். மட்டப்பலகையை எடுத்துத் தோளுக்குத் தோள் வைத்துப் பார்த்தான். வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது.

"சுவத்துல முக்கால் இஞ்சு தப்பினா இடிச்சுட்டு மறுபடி கட்டணும், தெரியுமா?" என்று கத்தினான்.

"சட்டை சரிதாங்க. நீங்கதான் கோணல். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் கோணலா?"

சட்டை மூலையில் போய் விழுந்தது. அல்லி அதை எடுத்து மடித்துத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள். அதன்பிறகு அவனுக்கென்று கத்தரிக்கோல் எடுக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி கடைச்சட்டை வாங்கிக் கொடுத்தாள். அவன் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்டாட்டிக்கு ஊரு அளவெல்லாம் தெரியும், எம் அளவுதான் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அது பழைய பேச்சாகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சண்டை போட ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா, இது இருந்தது.

வீடு வரிச்சிக்குடியில். அல்லியின் தையல் கடை திருமலைராயன்பட்டினத்தில், பள்ளிவாசல் தெரு முனையில். காலையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். கடை என்றால் ஆறடிக்கு எட்டடி. ஒரு மெஷின், ஒரு ஆணி, ஆணியில் காகித மாதிரிகள், ஒரு திரை. திரைக்குப் பின்னால் அளவெடுப்பாள். அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்களிடம்கூட, "அது போன வருஷத்து ஒடம்பு. இந்த வருஷத்து ஒடம்பைக் காட்டு" என்பாள்.

அவளிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். மற்ற தையல்காரர்கள் நெஞ்சுச் சுற்றளவு என்று ஒரே எண் எழுதுவார்கள். அல்லி நடுவில் ஒரு கோடு போட்டு, இடது இவ்வளவு, வலது இவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவாள். தேதியும் போடுவாள். எந்தப் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது என்பது அவள் முப்பது வருஷத்துப் படிப்பு. கூடின பக்கம் துணியைக் கொஞ்சம் விட்டு வெட்டுவாள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் நேராகத் தெரியும். எந்தப் பக்கம் கூடுதல் என்று அவளும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. அதனால்தான் அம்பகரத்தூரிலிருந்துகூடப் பஸ் ஏறி வந்தார்கள்.

வாடிக்கைக்காரிகளில் கைருன்னிஸா கொஞ்சம் ஒட்டுதல் அதிகம். புருஷன் தாவூது துபாயில். வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு அல்லி கையால்தான் தைத்துப் போடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டு மதில்சுவர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தபோது அல்லி முத்தையனை அனுப்பினாள்.

"கொஞ்சம் கோணலா இருந்தா என்னண்ணே? பாக்குறவங்க தலைய சாய்ச்சுப் பாத்துக்கட்டும்" என்றாள் கைருன்னிஸா.

முத்தையன் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தான். "கட்டும்போதே கோணல்னா அது கொத்தன் குடிச்சிருந்தான்னு அர்த்தம். அந்தச் சுவரு நூறு வருஷம் நிக்கும். நேரா நின்ன சுவரு கோணலாப் போச்சுன்னா, அடியில ஏதோ நடக்குதும்மா. தோண்டணும்."

தோண்டினான். கழிவுநீர்க் குழாயில் இணைப்பு விட்டுப்போய், அஸ்திவாரத்து மண்ணை அரித்துக் கொண்டிருந்தது. அன்றிலிருந்து கைருன்னிஸா அவனை ஒரு டாக்டர் மாதிரி மதிக்க ஆரம்பித்தாள். சமையல்கட்டில் ஒரு ஓடு விரிசல் விட்டால்கூட "அண்ணனைக் கேக்கணும்" என்பாள்.

போன ஆடி மாதம் வரிச்சிக்குடிக் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. உள்ளேயே மெஷின். நாற்பது வயசு தாண்டின பெண்களுக்கு மார்பில் இலவசமாகப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள் என்றார்கள். மகளிர் குழுவோடு அல்லியும் போனாள். கைருன்னிஸாவைக் கூப்பிட்டதற்கு, "நான் வரல அல்லிக்கா. ஒங்க டேப்புக்குக் காட்டுறதே எனக்குப் போதும்" என்று சிரித்துவிட்டாள்.

பத்து நாளில் தபாலில் காகிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். அல்லி எட்டாவது, முத்தையன் ஐந்தாவது. இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு நிலாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். நிலா பி.காம். படித்த பெண். பக்கத்துத் தெரு.

"இடது பக்கம் அசிமெட்ரின்னு போட்டிருக்கு அத்தை."

"அப்படின்னா?"

நிலா போனில் தட்டிப் பார்த்தாள். "சமச்சீரின்மை."

"சமச்சீர் கல்வி தெரியும், சமச்சீர் உரம் தெரியும். இது என்ன புதுசா?" என்றான் முத்தையன். "நாங்க ரெண்டு பேரும் பாதியில படிப்ப விட்டதைக் கண்டுபுடிச்சிட்டானுவளா?"

நிலா சிரித்தாள். "அதில்ல மாமா. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்லைன்னு அர்த்தம். ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி."

அவ்வளவுதான். அல்லி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இதைச் சொல்லவா அவ்வளோ பெரிய வண்டி? அடியே, இந்த ஊருல எவளுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு? ஒன் அளவு என்னன்னு சொல்லட்டுமா?"

"அய்யோ அத்தை, மாமா நிக்கிறாங்க!"

நிலா கீழே இருந்த வரியையும் படித்தாள். அதை மறைக்கவில்லை. "இன்னொரு படம் எடுத்துப் பாக்கணுமாம். ரெண்டு வாரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கு."

அப்போது முத்தையன் ஒரு வார்த்தை சொன்னான். இன்றைக்கும் அந்த வார்த்தை அவன் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. "அதெல்லாம் எல்லாருக்கும் போடுறதுதான். கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும்னு போடுறான்ல, அது மாதிரி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அல்லி காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆவணிக் கல்யாணம் போகட்டும் என்றாள். தீபாவளி போகட்டும் என்றாள். பொங்கல் வந்தது. அப்புறம் நோன்பு வந்தது. பெருநாள் துணி மட்டும் நூற்றுச் சொச்சம் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தது. இடது கையைத் தூக்கினால் வலிக்கிறது என்றாள். மெஷின் வலி என்று தைலம் தேய்த்துவிட்டான் முத்தையன்.

பெருநாள் முடிந்த மறுவாரம், பங்குனியில், ஒருநாள் காலை அவள் புது ஜாக்கெட்டைப் போட முடியாமல் உள்ளறையில் நின்றாள்.

"ஏங்க, இஞ்ச வாங்க. இந்த டேப்பைப் புடிச்சு என்னைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க. என் கையால நானே எடுத்தா சரியா வரல."

முப்பது வருஷம் ஊரை அளந்தவளை அன்றைக்குத்தான் ஒருவர் அளந்தது. முத்தையன் டேப்பைப் பிடித்தான். நடுவிலிருந்து வலது பக்கம் பார்த்தான். நடுவிலிருந்து இடது பக்கம் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் கூடுதல். தோல் இறுகி, கையில் கல் தட்டியது.

"போன வருஷம் எவ்வளோ இருந்துச்சு? ஒன் பக்கத்தை எடு" என்றான்.

அல்லி அவனைப் பார்த்தாள். "எனக்கு ஏதுங்க பக்கம்? நான் பழைய ஜாக்கெட்டை வெச்சுத்தானே எனக்கு வெட்டுறேன்."

அந்த நோட்டில் நானூறு பெண்கள் இருந்தார்கள். அவள் இல்லை.

காரைக்காலில் பார்த்தார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முத்தையனுக்குப் போட ஒரு சட்டை இல்லை. எல்லாம் சிமெண்டும் ஈரமுமாகக் கிடந்தது. துவைக்கிறவள் படுத்துவிட்டாளே. "பெட்டி அடியில பாருங்க" என்றாள் அல்லி. எடுத்துப் போட்டான். வயிறு இறுக்கியது; கீழ் இரண்டு பொத்தானைப் போடவில்லை. சிதம்பரத்தில் பஸ் நின்றபோது டீக்கடைக் கண்ணாடியில் தற்செயலாகத் தன்னைப் பார்த்தான். இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருந்தன. பதினைந்து வயசிலிருந்து செங்கல் சுமந்து இறங்கிப்போன வலது தோள் எங்கே போனது என்று தெரியாமல், சட்டை அதன்மேல் பூசிவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தது.

யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. டீயில் சர்க்கரை இல்லை என்று டீக்கடைக்காரனைத் திட்டினான். பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அல்லி அவன் தோளைப் பார்த்தாள். காலரை இழுத்து நேராக்கிவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக் குறை அப்படியே வழியில் விழுந்து போயிற்று. அது விழுந்த நேரம்தான் சரியில்லை.

பாண்டிச்சேரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. ஊசி குத்தி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ எடுத்தார்கள். அடுத்த முறை வரும்போது பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

முத்தையன் வீட்டைப் புரட்டிப் போட்டான். பீரோ, அரிசி மூட்டை, சாமிப் படத்துக்குப் பின்னால், எங்கும் இல்லை. கடைசியில் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு பட்டினம் போனான். ஆணியில் கோத்திருந்த காகித மாதிரிகளுக்கு நடுவில் இருந்தது. நல்ல தடிமனான காகிதம். வீணாக்க மனசு வராமல் சரிபாதியாக மடித்து, கழுத்து மாதிரி வெட்டியிருக்கிறாள். மடித்து வெட்டினால் ஒரு பக்கம் போலவே மறுபக்கமும் மயிரிழை பிசகாமல் வரும். மேல் மூலையில் அந்த வார்த்தை முழுசாக இருந்தது. திரும்ப வரச் சொன்ன வரிதான் கழுத்தோடு போய்விட்டிருந்தது.

அதை இரண்டு கையாலும் பிடித்து டாக்டர் மேஜைமேல் வைத்தான்.

"என்னங்க இது?"

"கழுத்தும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசம்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லைன்னு போட்டிருக்குன்னாங்க. எல்லாருக்கும் அப்படித்தானேன்னு..."

"எல்லாருக்கும் அப்படித்தாங்க. பொறந்ததுலேருந்து அப்படி இருந்தா அது ஒண்ணுமே இல்ல. இது பழசா, புதுசா வந்ததான்னு பாக்கத்தான் திரும்பக் கூப்பிடுறது. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவோம்." காகிதத்தைத் தள்ளி வைத்தார். "அன்னிக்கே வந்திருந்தா கண்டிப்பா காப்பாத்தியிருப்போம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா இப்ப எலும்புக்குப் போயிடுச்சு."

முத்தையன் கண்ணில் கைருன்னிஸா வீட்டு மதில்சுவர்தான் நின்றது. நேரா நின்ன சுவரு கோணலாப் போச்சுன்னா. அவன் வாயால் சொன்னது. ஊரான் வீட்டுச் சுவருக்குச் சொல்லத் தெரிந்தது.

வரிச்சிக்குடியில் இறங்கினதும் அல்லியை வீட்டில் விட்டுவிட்டு நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனான். உள்ளே இரண்டு பேர் ஆதார் கார்டு நகல் எடுக்க நின்றார்கள். எதையும் பார்க்கவில்லை.

"நீதானேடி அர்த்தம் சொன்னே? படிச்சவதானே நீ?"

நிலா எழுந்து நின்றாள். "மாமா, நான் சொன்ன அர்த்தம் சரிதான் மாமா. எத்தனையோ தடவை மறுபடி பாத்துட்டேன். எங்க பாத்தாலும் அதான் போட்டிருக்கு. சரிதான் மாமா..." சொல்லிக்கொண்டே அழுதாள்.

அர்த்தம் சரிதான். அதுதான் முத்தையனுக்குத் தாங்கவில்லை. தப்பான அர்த்தம் சொல்லியிருந்தால் இவளை ஒரு அறை அறைந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொன்னாள். கேட்டவள் தன் தொழிலுக்குத் தகுந்தபடி சரியாகப் புரிந்துகொண்டாள். வேறு எந்த ஊரில், வேறு எந்தத் தொழில்காரிக்கு வந்திருந்தாலும் பயந்து ஓடியிருப்பாள். வயல்வேலைக்குப் போகிறவள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பாள். அல்லிக்கு மட்டும்தான் அது சிரிப்பாக இருந்தது. அல்லிக்கு மட்டும்தான் அது தெரிந்த சங்கதி.

"அழாத. ஒன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சித்திரையும் வைகாசியும் பாண்டிச்சேரி பஸ்ஸில் கழிந்தன. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் இடது தோளுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டு வந்தான். முடி கொட்டியது. சாப்பாடு இறங்கவில்லை. ஆனியில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வலிக்கு மட்டும் மருந்து தருகிறோம், அதைக் காரைக்காலிலேயே வாங்கிக்கொள்ளலாம், அலைய வேண்டாம் என்றார். அலையத் தயார் என்றான் முத்தையன். நடந்தே வருவதற்கும் தயார் என்றான். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பகல். மெஷினைக் கடையிலிருந்து எடுத்துவந்து கட்டிலுக்கு எதிரே போட்டிருந்தான். அல்லி கேட்டிருந்தாள். அதன்மேல் ஒரு புடவை மூடியிருந்தது. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "நோட்டை எடுங்க" என்றாள்.

கொடுத்தான். ஒற்றைக் கையால் புரட்டினாள். கைருன்னிஸாவின் பக்கத்தில் நிறுத்தி அவனிடம் நீட்டினாள்.

"படிங்க."

எண்கள் அவனுக்குத் தெரியும். மூன்று நோன்புப் பெருநாளுக்கு மூன்று வரி. முதல் இரண்டு வருஷமும் வலது பக்கம் கால் அங்குலம் கூடுதல். இந்த வருஷம், மாசி மாதத் தேதி போட்டு, இடது பக்கம் அரை அங்குலம் கூடுதல்.

முத்தையன் அந்த மூன்றாவது வரியிலேயே நின்றான்.

"மாசியிலேயே பாத்தேன்" என்றாள் அல்லி. "பாத்துட்டு என்ன செஞ்சேன் தெரியுமா? துணிய அந்தப் பக்கம் விட்டு வெட்டினேன். அவ்வளோதான். பெருநாளைக்குப் போட்டுக்கிட்டு வந்து, கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாத்தா. எப்படிக்கா இவ்வளோ நேரா விழுதுன்னு கேட்டா. நான் பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேன்."

"சும்மா இரு. ஒனக்கு அப்பத் தெரியாது."

"இப்பத் தெரியுதுல்ல."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"நேத்து நீங்க மருந்துக்குப் போயிருந்தப்ப பண்ணுனேன். சிரிக்கிறா. எவளுக்கும் ரெண்டும் ஒண்ணா இருக்காதுன்னு நீங்கதானே அல்லிக்கா சொல்லுவீங்கன்னு என்னையே திருப்பிக் கேக்குறா. ஒடம்புக்கு முடியாம மனசு கலங்கிப் பேசுறீங்க, ஒங்களுக்காக ஓதுறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா." மூச்சு வாங்கியது. "நான் சொல்லிக் கொடுத்த பாடம். என் பேச்சை இனி அவ கேக்க மாட்டா. நீங்க போங்க."

முத்தையன் நோட்டை மூடினான். "நான் ஆம்பளை. புருஷன் ஊருல இல்லாத வீட்டுல போய் நின்னுக்கிட்டு எதைன்னு சொல்லுவேன்? செருப்பால அடிப்பா."

"அடிச்சா வாங்கிக்கங்க."

"அல்லி..."

"சுவத்தைச் சொன்னீங்கள்ல, அதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். நோட்டை அவ கையில குடுத்து, முதல்ல இப்படி நின்னுச்சு, இப்ப இப்படி நிக்குது, அடியில ஏதோ நடக்குதும்மான்னு சொல்லுங்க. சுவத்துக்கு ஒங்க பேச்சைக் கேட்டவ, இதுக்கும் கேப்பா. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கும். ஒண்ணுமில்லன்னு அந்தப் படம் எடுக்குற மெஷினு சொல்லட்டும், நான் சொல்லக் கூடாது."

"ஒன்னை இப்படி விட்டுட்டா? காலையிலேருந்து நீ பேசினதே இப்பத்தான். நாளைக்குப் போறேன்."

"நாளைக்குன்னுதாங்க நானும் சொன்னேன். ஆவணின்னேன், தீபாவளின்னேன்."

முத்தையன் எழுந்தான். கொடியில் தொங்கிய வெளிர்நீலச் சட்டையை எடுத்து மாட்டினான். அல்லி கட்டிலில் கிடந்தபடியே அவன் தோளை ஒருமுறை அளந்து பார்த்தாள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்படியில் ஒரு கால் வைத்தான். பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பினான். அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"சொல்லிட்டுத் திரும்பி வந்துடாதீங்க. கையோட ஆட்டோவுல ஏத்திக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவ உள்ள போயி, படம் எடுத்து, வெளியில வர்ற வரைக்கும் வாசல்லயே நில்லுங்க. இஞ்சேருந்து யாரு போன் பண்ணினாலும் சரி, என்ன சொல்லிக் கூப்புட்டாலும் சரி, அது வரைக்கும் நீங்க வீட்டுக்கு வரக் கூடாது."